மொடல் வேண்டாம், எங்கட ஆட்களே போதும்: அழகு விளம்பரத்துக்குச் சாதாரணப் பெண்களைப் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியால் ஒருக்கால் நடந்து போய்ப் பாருங்கள். நகைக்கடை, புடவைக்கடை, அழகு நிலையம் என்று பலகைக்குப் பலகை ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள், அவளை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பாதிப் படம் இணையத்தில் இருந்து இறக்கியது, மீதி சென்னைப் பக்கம் யாரோ எடுத்தது. அந்தப் பலகைக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் வேறு நிறம், வேறு உடம்பு, வேறு சிரிப்பு. இப்போது சில பார்லர்காரர்களும், வீட்டிலேயே சோப்பும் தலை எண்ணெயும் செய்து விற்கிறவர்களும், எங்கட ஆட்களையே வைத்துப் படம் எடுத்தால் என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இந்த மாதிரி வேலைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிற ஆள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைத் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். மொடல் என்றால் காசு, தெரிந்த பிள்ளை என்றால் சும்மா வருவாள் என்ற கணக்கில்தான் இதைத் தொடங்குகிறீர்கள் என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செலவு கூடத்தான் வரும், நேரம் இன்னும் கூடப் போகும். மொடல் படப்பிடிப்பு முடிய கொழும்புக்கு பஸ் ஏறிவிடுவார், படத்தைப் பார்த்து யார் என்ன கதைத்தாலும் அது அவருடைய தொழிலோடு வருகிற விஷயம். நீங்கள் படம் எடுக்கிற அக்கா அடுத்த நாள் காலையில் அதே திருநெல்வேலிச் சந்தைக்குத்தான் மரக்கறி வாங்கப் போவார். அங்கே நாலு பேர் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்து எழுதியதுதான்.

முதலாம் படி: பொருளைப் பாருங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்

எல்லாப் பொருளுக்கும் இந்த முறை சரிவராது. வெள்ளையாக்கும் கிறீம் விற்கிறீர்கள் என்றால் இத்தோடு வாசிப்பதை நிற்பாட்டலாம். "உங்கள் நிறம் போதாது" என்று சொல்கிற ஒரு பொருளுக்குப் பக்கத்தில் "நாங்கள் உண்மையான பெண்களைக் கொண்டாடுகிறோம்" என்று எழுதினால் சனம் சிரிக்கும்.

பெரிய கம்பனிகளே இதில் அகப்பட்டிருக்கின்றன. டவ் சோப்புக்காரர்கள் 2004 இல் தொடங்கிய பிரசாரம்தான் இந்த வகை விளம்பரத்துக்கு உலகம் முழுக்க எல்லோரும் காட்டுகிற உதாரணம். 10 நாடுகளில் 3,200 பெண்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள், அதில் தன்னை "அழகி" என்ற சொல்லால் சொல்லிக்கொண்டவர்கள் வெறும் 2 சதவீதம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, மொடல்கள் இல்லாத பெண்களை, வெவ்வேறு வயது, வெவ்வேறு உடம்பு வாகு உள்ளவர்களை, உள்ளாடையோடு பெரிய பலகைகளில் நிறுத்தினார்கள். பெரிய வரவேற்பு. ஆனால் அந்தப் பலகை விற்ற பொருள் என்ன தெரியுமா? தொடையையும் இடுப்பையும் இறுக்கமாக்குகிற கிறீம். இருக்கிற உடம்பே வடிவு என்று சொல்லிக்கொண்டு அதைத் திருத்த ஒரு போத்தலையும் நீட்டினால் எப்படி என்று அப்போதே கேட்டார்கள். இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. டவ்வின் சொந்தக்கார நிறுவனமான யூனிலீவர்தான் எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் கிடந்த ஃபெயார் அன்ட் லவ்லியையும் விற்றது. 1975 இல் இந்தியாவில் வந்த அந்தப் பெயரில் இருந்து "ஃபெயார்" என்ற சொல்லை எடுக்க அவர்களுக்கு 2020 வரை போனது, இப்போது அது குளோ அன்ட் லவ்லி.

ஆகவே தலை எண்ணெய், சோப்பு, உதட்டுக்குப் பூசுகிற தைலம், மணப்பெண் அலங்காரம், முடி வெட்டு, மருதோன்றி, இதற்கெல்லாம் தாராளமாக எங்கள் பெண்களைப் போடலாம். பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்களைக் கடையில் வைத்திருந்தால் அதை விளம்பரத்துக்கு முன்னமே கடையில் இருந்து எடுத்துவிடுங்கள். இப்படியான பல கிறீம்களில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் பரிசோதித்துக் கண்டது, சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நீங்கள் படம் எடுக்கிற அக்காவின் முகத்தை அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இரண்டாம் படி: யார் "சாதாரணம்" என்று நீங்கள் முடிவெடுக்கிற இடம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "சாதாரணப் பெண் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்களில் ஆக வெள்ளையான, ஆக மெல்லிய, பல் வரிசையான பிள்ளையை எடுப்பார்கள். அதற்கு மொடலையே கூப்பிட்டிருக்கலாம்.

ஜெர்மனியில் பிரிகிட்டே என்று ஒரு பெண்கள் சஞ்சிகை, நீண்ட காலமாக வருகிறது, நிறைய வாசகர்கள். இனி எங்கள் பக்கங்களில் மொடல்களே கிடையாது என்று 2009 இல் அறிவித்து 2010 இல் இருந்து சாதாரணப் பெண்களை வைத்துப் படம் போட்டார்கள். 2012 இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு மொடல்களுக்கே திரும்பிப் போனார்கள். இரண்டு காரணம் வெளியில் வந்தது. ஒன்று, பழக்கமில்லாத ஆட்களைப் படம் எடுக்கக் கூட நேரமும் கூடக் காசும் போனது. மற்றது வாசகிகளிடம் இருந்து வந்தது: மொடலைப் பார்த்தால் அது அவள் தொழில் என்று விட்டுவிடலாம், என்னைப்போல வேலைக்குப் போய் வருகிற பெண் இவ்வளவு வடிவாக இருந்தால் எனக்குத்தான் இன்னும் மனம் வெந்து போகிறது. இந்த இரண்டாவது காரணத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். பொறுக்கி எடுத்த அழகியைச் சாதாரணப் பெண் என்று காட்டுவது மொடலைக் காட்டுவதைவிட மோசமாக முடியலாம்.

அதனால் முகத்தைப் பார்த்துத் தேடாதீர்கள். உங்களிடம் ஏற்கனவே வருகிற வாடிக்கையாளர்களில் இருந்து தொடங்குங்கள். உங்கள் எண்ணெயை உண்மையில் வாங்கிப் பூசுகிறவர், உங்களிடம் தலை அலங்காரம் செய்து திருமணம் முடித்தவர், பார்லருக்கு மாதம் ஒருக்கால் வருகிற ஆசிரியை, சுன்னாகத்தில் தையல் கடை வைத்திருக்கிற அன்ரி. வயது இருபதில் ஒருவர், நாற்பதில் ஒருவர், அறுபது தாண்டிய ஒருவர் என்று கலந்து வந்தால் நல்லது. ஒரே விளம்பரத்தில் ஒரே ஒரு கறுத்த பெண்ணையும் நாலு வெள்ளையான பெண்களையும் நிறுத்தினால் அந்த ஒருவர் சாட்டுக்கு நிற்கிறார் என்பது பார்க்கிற எல்லோருக்கும் விளங்கும். எல்லாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உங்கள் வீதியில் நடக்கிற பெண்களின் நிறம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேண்டாம். தாய் தகப்பன் ஓம் என்றாலும் வேண்டாம், அழகுப் பொருள் விளம்பரத்துக்கு அவர்கள் தேவையில்லை. சாமத்தியவீட்டு ஆல்பத்தில் இருந்து படத்தை எடுத்துப் பார்லர் பக்கத்தில் போடுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. அதை நிற்பாட்ட வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து, கொஞ்சம் கடுமையான கருத்தும்கூட.

மூன்றாம் படி: கேட்கிற விதம்

நேரே கமராவை நீட்டிக் கேட்கக் கூடாது. கேட்டால் கிடைக்கிற முதல் பதில் எனக்குத் தெரியும்: "ஐயோ, நான் கறுப்பு, என்னை ஏன் கேக்கிறியள்? அங்கை வடிவான பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம்." இதற்கு உடனே "இல்லை அக்கா, நீங்கள் நல்ல வடிவு" என்று சொல்லாதீர்கள். அவர் நம்ப மாட்டார், நீங்கள் பொருள் விற்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்: "நீங்கள் எங்கட எண்ணெயை நெடுக வாங்கிறனீங்கள், உங்களைப்போல ஆக்கள்தான் எங்களிட்டை வாறவை, அதாலை உங்கட படம் வந்தால்தான் சரி." இது பொய்யில்லை, முகஸ்துதியும் இல்லை.

கேட்டுவிட்டு ஒரு கிழமை விடுங்கள். "அவரிட்டைக் கேட்டுத்தான் சொல்லுவன்" என்று போகிறவர்கள் பலர். வீட்டில் கேட்பது அவருடைய முடிவு, நீங்கள் அதைப் பற்றிப் பகிடி விடவும் வேண்டாம், அவரைத் தாண்டி வீட்டுக்காரரிடம் போய்ப் பேசவும் வேண்டாம். அவர் விரும்பினால் வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் விளக்கமாகச் சொல்லுங்கள். ஆனால் கடைசிச் சம்மதம் அவருடைய வாயால் வர வேண்டும். மாமி ஓம் என்று தலையாட்ட மருமகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சம்மதம் இல்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

நான்காம் படி: கடிதம்

இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசை வரும். "தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை என்னத்துக்குக் கடிதம்?" என்று அவரே கேட்பார். தெரிந்த ஆட்களுக்குள்தான் கட்டாயம் வேண்டும், தெரியாத ஆளிடம் சண்டை பிடிக்கலாம், தெரிந்தவரிடம் அதுவும் முடியாது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் ஒரு சின்னக் கடைக்காரருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்கப் போவது சட்டப் புத்தகம் இல்லை, அவர்கள் இரண்டு பேரும் கையெழுத்து வைத்த ஒரு பக்கம்தான்.

தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் இணையத்தில் கிடைக்கிற படிவத்தை இறக்கிக் கையெழுத்து வாங்கவே கூடாது, அதில் பெரும்பாலும் "எப்போதும், எங்கும், எந்த வடிவத்திலும்" என்று இருக்கும். அதற்கு ஓம் என்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் பத்து வருடம் கழித்து எங்கே கிடந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நான் பாவிக்கிற கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"என்னுடைய படங்களை இந்தக் கடையின் தலை எண்ணெய் விளம்பரத்துக்கு மட்டும் பாவிக்கச் சம்மதிக்கிறேன். கடையின் பேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், கடைக்குள் ஒட்டுகிற படம், இந்த மூன்றிலும் போடலாம். வீதிப் பலகையிலும் பத்திரிகையிலும் போடுவதென்றால் திரும்ப என்னிடம் கேட்க வேண்டும். இன்று தொடக்கம் ஒரு வருடம் வரை மட்டும். நான் பார்த்துச் சரி சொன்ன படத்தை மட்டும் போட வேண்டும். என் பெயரையும் ஊரையும் போடக் கூடாது. என் முகத்தையோ நிறத்தையோ உடம்பையோ கணினியில் மாற்றக் கூடாது. என் படத்தை வேறு கடைக்கோ ஆளுக்கோ கொடுக்கக் கூடாது, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டு வேறு படம் செய்யவும் கூடாது. இடையில் எனக்கு வேண்டாம் என்று பட்டால் சொன்ன மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்காக வாங்கிய காசைத் திருப்பித் தரத் தேவையில்லை."

கடைசி வரிதான் கடைக்காரர்களுக்குத் தொண்டையில் நிற்கும். காசும் கொடுத்து, வேண்டாம் என்றால் எடுத்தும் விடுவதா என்று கேட்பார்கள். ஓம், அப்படித்தான். கலியாணம் பேசுகிற நேரம், வீட்டில் ஒரு சாவு, வேலை இடத்தில் ஒரு கதை, இப்படி எதுவும் வரலாம். அந்த வரி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் பயமில்லாமல் கமராவுக்கு முன்னால் வந்து நிற்பார். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.

பெயர், ஊர் பற்றி ஒரு சொல். "கோண்டாவிலைச் சேர்ந்த இன்னார்" என்று போட்டால் விளம்பரத்துக்கு நம்பிக்கை வரும் என்பது உண்மைதான். அதே வரியை வைத்து முன்பின் தெரியாத ஒருவன் அவர் வீட்டு ஒழுங்கையைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பின்னேரம் போதும். நான் போடுவதில்லை.

ஐந்தாம் படி: காசு

கொடுங்கள். கமராக்காரருக்குக் காசு, பிளக்ஸ் அடிக்கிறவருக்குக் காசு, பேஸ்புக்குக்குக் காசு, முகத்தைத் தந்தவருக்கு மட்டும் ஒரு போத்தல் எண்ணெயும் நன்றியும் என்றால் நியாயம் இல்லை. பிரிகிட்டேக்காரர் தங்கள் சாதாரணப் பெண்களுக்கு மொடல்களுக்குக் கொடுக்கிற அளவே கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் கணக்கில், கமராக்காரருக்கு ஒரு நாளுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதில் பாதியாவது வர வேண்டும் என்பது என் அளவுகோல். அதோடு ஓட்டோச் செலவு, ஒரு நாள் வேலை விட்டால் அந்தச் சம்பளம். படம் எடுக்கிற அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: படம் எடுக்கிற நாள்

இடம், ஸ்டூடியோவை விட வீட்டு விறாந்தை நல்லது. யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டு விறாந்தை மாதிரி ஒரு இடத்தைக் காசு கொடுத்துச் செய்யவே முடியாது: மேலே கூரை நேர் வெயிலை மறைக்கும், முன்னால் முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழே இருந்து முகத்துக்கு வரும், கண்ணுக்குக் கீழே கருவளையம் தானாகக் குறையும். காலை எட்டரைக்கு முதல், அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. நடு மத்தியானத்தில் எடுத்தால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், பிறகு அதைத் திருத்த மென்பொருளிடம் ஓட வேண்டி வரும். விறாந்தையில் இருக்கிற டியூப்லைட்டை நிற்பாட்டுங்கள். பகல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் முகத்தில் ஒரு பச்சை ஏறும், எங்கள் நிறத்தில் அது இன்னும் கேவலமாகத் தெரியும்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே படம் பிழைக்கிறது பெரும்பாலும் இதில்தான். படக் கருவிகள் எங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இல்லை. கோடக் கம்பனி பிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு ஒரு அட்டை அனுப்பும், அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், "ஷேர்லி அட்டை" என்று சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த தோல் உள்ளவர்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய இருட்டுக்குள் நிற்பது அந்தக் கணக்கால் வந்ததுதான். இப்போதைய போன்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனாலும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு கறுத்த பெண்ணை நிறுத்தினால் போன் சுவரைத்தான் முதலில் கவனிக்கும், முகம் இருண்டுவிடும். பிறகு அதைக் கூட்டிக் கூட்டி வெளிச்சம் ஏற்ற முகம் சாம்பல் பூத்துப் போகும். ஆகவே பின்னால் வெள்ளை வேண்டாம். பாசி பிடித்த மதில், பச்சை அடித்த கதவு, கிடுகு வேலி, எது என்றாலும் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும். போனில் முகத்தில் விரலை வைத்து அழுத்தி வெளிச்சத்தை அங்கே நிறுத்துங்கள். ஒரு பக்கத்தில் யாரையாவது வெள்ளை பெட்சீற்றைப் பிடிக்கச் சொன்னால் போதும், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புகிற, கடையில் வாங்குகிற தட்டு தேவையில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய ஒரு மினுக்கம் விழுந்தால் கறுத்த தோல் அப்படியே உயிரோடு வரும். பவுடரை அப்பி அந்த மினுக்கத்தைக் கொல்லாதீர்கள்.

போனிலே "பியூட்டி" என்று ஒன்று இருக்கும், நீங்கள் போடாமலே சில போன்களில் அது வேலை செய்துகொண்டிருக்கும். முதல் வேலையாக அதை நிற்பாட்டுங்கள். கிட்டப் போய்ப் பெரிய கோணத்தில் முகத்தை எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் போகும், பாவம் அந்த அக்கா தன் மூக்குத்தான் அப்படி என்று நினைப்பார். இரண்டடி பின்னுக்கு வந்து இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள்.

அலங்காரம் பார்லர் ஆட்கள் செய்வதென்றால் ஒரு கட்டுப்பாடு வைக்க வேண்டும். எங்கள் ஊர் மணப்பெண் படங்களை எடுத்துப் பாருங்கள்: முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம், தாலிக்கொடிக்குப் பக்கத்தில் கிடக்கிற கை மூன்றாவது நிறம். பவுண்டேஷனை இரண்டு நிறம் வெள்ளையாகப் போட்டுப் பழகிய கை அது, சொன்னாலும் இலகுவில் நிற்காது. தாடை எலும்புக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, வெளியே பகல் வெளிச்சத்தில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிற நிறத்தைத்தான் போட வேண்டும். கடைக்குள் இருக்கிற மஞ்சள் விளக்கில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

உடுப்பு அவருடையது. கையில் சுளகைக் கொடுத்து, பக்கத்தில் பனையோலைப் பெட்டியை அடுக்கி, "யாழ்ப்பாணத்துப் பெண்" ஆக்காதீர்கள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளைக்குச் சுளகைப் பிடிக்கவே தெரியாது.

அப்புறம் சிரிப்பு. "சிரியுங்கோ" என்று சொன்ன உடனே எந்தச் சாதாரண மனிதருக்கும் முகம் மரத்துப் போகும். கதை கொடுங்கள். கூடவே ஒரு சிநேகிதியையோ தங்கச்சியையோ கூட்டி வரச் சொல்லுங்கள், அவரோடு கதைக்க விட்டுவிட்டு நீங்கள் எடுத்துக்கொண்டே இருங்கள். முதல் அரை மணித்தியாலத்துப் படங்கள் ஒன்றும் சரிவராது, அது வீணில்லை, அவர் கமராவை மறக்க எடுக்கிற நேரம் அது. கமராக்காரர் ஆண் என்றால் அந்த இடத்தில் கட்டாயம் இன்னொரு பெண் இருக்க வேண்டும், புடவைத் தலைப்பையோ முடியையோ சரிசெய்ய வேண்டுமென்றால் அந்தப் பெண்தான் தொட வேண்டும். மொடல்களோடு வேலை செய்து பழகிய சில பெடியளுக்கு இது விளங்குவதில்லை.

ஏழாம் படி: கணினியில் எது தொடலாம், எது தொடக் கூடாது

எனக்கு ஒரு எளிய விதி இருக்கிறது. இரண்டு கிழமையில் தானாகப் போய்விடுகிறதை அவர் கேட்டால் எடுக்கலாம், போகாததைத் தொடக் கூடாது. நேற்று வந்த பரு எடுக்கலாம். மச்சம், சுருக்கம், நரை, பிள்ளை பெற்ற வயிறு, நிறம், இதெல்லாம் அப்படியே. வெளிச்சம், நிறச் சமநிலை, வெட்டுகிறது, இதில் பிரச்சினை இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? டவ் 2006 இல் ஒரு சின்னப் படம் விட்டது, ஒரு பெண் வந்து உட்காருவதில் இருந்து, அலங்காரம் செய்து, கணினியில் கழுத்தை நீட்டி, கண்ணைப் பெருப்பித்து, பலகையில் ஏறுவது வரை ஓட விட்டுக் காட்டியது. 2007 இல் கான் விளம்பர விழாவில் பெரிய பரிசு அதற்குத்தான். அதைப் பார்த்த பிறகு சனத்துக்கு வெட்டு ஒட்டுத் தெரியும். 2011 இல் இங்கிலாந்தின் விளம்பரத் தர அமைப்பு ஜூலியா ராபர்ட்ஸ் இருந்த லங்கோம் விளம்பரத்தையும் கிறிஸ்டி டர்லிங்டன் இருந்த மேபெலின் விளம்பரத்தையும் தடுத்தது, திருத்திய படம் அந்தப் பூச்சின் பலனைக் கூட்டிக் காட்டுகிறது என்று. பிரான்சில் 2017 ஒக்டோபரில் இருந்து, மொடலின் உடம்பை மெலிவித்தோ பெருப்பித்தோ திருத்திய வணிகப் படத்தில் "திருத்திய படம்" என்று எழுத வேண்டும். நோர்வேயிலும் 2022 இல் இருந்து இப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அங்கே எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

முன்னும் பின்னும் என்று இரண்டு படம் போடுகிற பார்லர்களுக்கு: இரண்டும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வெளிச்சம், ஒரே முகபாவம். முதல் படத்தில் அழுகிற முகம், இரண்டாவதில் சிரிப்பு என்றால் நீங்கள் விற்பது அலங்காரம் இல்லை.

வடு பற்றித் தனியாக. எங்கள் மண்ணில் பலருடைய உடம்பில் வடு இருக்கிறது, அது எங்கே எப்போது வந்தது என்று கேட்காமலே எங்களுக்குத் தெரியும். அவர் மறைக்க விரும்பினால் கோணத்தை மாற்றி மறைத்துக் கொடுங்கள், மறைக்க விரும்பாவிட்டால் அப்படியே விடுங்கள். அதைக் கிட்டப் போய் எடுத்து, "வலியை வென்ற அழகு" என்று எழுதி எண்ணெய் விற்காதீர்கள். இதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை.

எட்டாம் படி: எழுத்து

படத்துக்குப் பக்கத்தில் "சாதாரணப் பெண்" என்றோ "உண்மையான பெண்" என்றோ எழுத வேண்டாம். மற்றவர்கள் எல்லாம் பொய்ப் பெண்களா? பார்க்கிறவர்களுக்குத் தானாகத் தெரியும். "நீங்களும் அழகுதான்" என்கிற புத்திமதியும் வேண்டாம். அவர் சொன்னதைப் போடுங்கள், அவர் சொன்ன மாதிரியே: "முழுகினாப் பிறகு ஒட்டாது, அதுதான் நான் வாங்கிறது." இந்த ஒரு வரிக்கு இருக்கிற பலம், சென்னை விளம்பரங்களில் வருகிற "மிருதுவான, பளபளப்பான, ஆரோக்கியமான" என்கிற மூன்று சொல்லுக்கு இங்கே கிடையாது. ஆனால் அவர் உண்மையில் பாவித்திருக்க வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது. முடி வளரும், பரு போகும் என்று அவர் வாயில் நீங்கள் சொல்லைத் திணித்தால், நாளைக்கு முடி கொட்டினவர் சந்தையில் மறித்துக் கேட்கப் போவது அவரைத்தான்.

ஒன்பதாம் படி: வெளியிடுகிற கிழமை

போட முதல் அவருக்குக் காட்டுங்கள், முடிவான வடிவத்தில், எழுத்தோடு, வெட்டிய அளவில். ஒவ்வொரு துண்டையும் தனியாகவும் பாருங்கள். 2017 இல் டவ் பேஸ்புக்கில் மூன்று செக்கனில் ஓடுகிற ஒரு துண்டு போட்டது. கறுத்த பெண் சட்டையைக் கழற்ற உள்ளே இருந்து வெள்ளைப் பெண் வருவார், பிறகு இன்னொரு பெண். எடுத்தவர்களுக்கு அது எல்லா நிறமும் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம். பார்த்த உலகத்துக்கு, சோப்புப் போட்டால் கறுப்பு வெள்ளையாகும் என்ற நூறு வருடப் பழைய விளம்பரம்தான் ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எடுத்தார்கள்.

வீதிப் பலகைக்கு அவர் சம்மதித்திருந்தால், அவருடைய சந்தியில் வைக்காதீர்கள். உரும்பிராய்க்காரர் என்றால் பலகை பருத்தித்துறையில் நிற்கட்டும். பிளக்ஸ் அடிக்கிற இடத்தில் முழுவதையும் அடிக்க முதல் முகத்தை மட்டும் ஒரு அடி அளவில் அடித்துத் தரச் சொல்லுங்கள், கணினித் திரையில் இருந்த நிறம் பிளக்ஸில் வராது, முகம் சிவந்து போகும் அல்லது சாம்பலாகும். எங்கள் வெயிலில் சில மாதத்தில் சிவப்பும் மஞ்சளும் வெளிறி முகம் நீலம் பாரிக்கும். அதற்கு முதல் இறக்குங்கள்.

பின்னூட்டம்தான் உண்மையான சோதனை. "உதுதான் கிடைச்சதோ?", "கறுப்பி", "ஆற்றை மனுசி?" என்று எழுத நாலு பேர் கட்டாயம் வருவார்கள், அதில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து நித்திரை வராமல் எழுதுவார்கள். முதல் இரண்டு நாளும் ஒரு ஆள் போனைக் கையில் வைத்திருக்க வேண்டும், அது கடையின் வேலை, அந்தப் பெண்ணின் வேலை இல்லை. அசிங்கமானதை அழித்து ஆளைத் தடுத்துவிடுங்கள், பதில் எழுதிச் சண்டை பிடிக்காதீர்கள், சண்டையால் அந்தப் பதிவு இன்னும் நாலு பேருக்குத்தான் போய்ச் சேரும். கட்டுப்பாடு மீறிப் போனால் பின்னூட்டத்தையே மூடலாம். அன்று பின்னேரம் அவருக்கு ஒரு அழைப்பு எடுத்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். வீட்டு வட்ஸ்அப் குழுமத்தில் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பத்தாம் படி: பலன் பார்ப்பதும் முடிப்பதும்

விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். தெரிந்த முகம் என்றால் விருப்பக்குறி தானாக விழும், அது வியாபாரம் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் ஒரே கேள்வி, "எங்கை பார்த்தனீங்கள்?" கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து எழுதுங்கள். பழைய மொடல் படம் போட்ட காலத்தில் வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மணப்பெண் அலங்காரம் என்றால் ஆடியில் ஒன்றும் தெரியாது, ஆவணி பிறந்த பிறகு வருகிற பதிவுகளைப் பாருங்கள். "அந்த அக்காவுக்குப் போட்ட மாதிரிப் போடுங்கோ, முகத்தை வெள்ளையாக்காதேங்கோ" என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தால் அதையும் கொப்பியில் தனியாகக் குறியுங்கள்.

கடிதத்தில் போட்ட திகதி வந்ததும் எல்லா இடத்திலும் இருந்து எடுங்கள், பேஸ்புக்கில் பழைய பதிவு, கடைக் கண்ணாடியில் ஒட்டியது, விலைப் பட்டியலின் மூலையில் இருக்கிற சின்னப் படம் உட்பட. பிளக்ஸை எண்ணித் திருப்பி வாங்குங்கள். எங்கள் ஊரில் பழைய பிளக்ஸ் எறிபடுவதில்லை, கோழிக்கூட்டுக்கும் விறகுக் குவியலுக்கும் மழை மறைப்பாகப் போகும், அவருடைய முகம் அங்கே போய்க் கிடக்கக் கூடாது. வெட்டி எறிவதா, தன்னிடம் தருவதா என்று அவரையே கேளுங்கள். இன்னும் ஒரு வருடம் போட விருப்பம் என்றால் புதுக் கடிதம், புதுக் காசு. அவர் போதும் என்றால் இரண்டாம் படியில் இருந்து அடுத்த ஆளைத் தேடுங்கள்.